அல்லித் தொட்டி

என் உத்தியோகத்தில் கதவைத் திறப்பவர்கள் யாரும் சிரிப்பதில்லை. 'கொசுக்காரர் வந்துட்டாரு' என்று உள்ளே ஒரு குரல் கொடுத்துவிட்டு விலகி நிற்பார்கள். நான் டார்ச்சும் கரண்டியும் வெள்ளைத் தட்டுமாக உள்ளே போய் அவர்கள் வீட்டுத் தண்ணீரையெல்லாம் துருவிப் பார்க்க வேண்டும். குளியலறை டிரம், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த கிண்ணம், மொட்டைமாடியில் யாரோ மறந்துவிட்டுப் போன வாளி. கரண்டியால் மொண்டு தட்டில் ஊற்றினால், புழு இருந்தால் நெளியும். இல்லாவிட்டால் வெறும் தண்ணீர். ஒரு நாளைக்கு ஐம்பது வீடு. எனக்குப் பெண் பார்த்த காலத்தில் ஒரு வீட்டில் 'பையன் என்ன பண்றார்?' என்று கேட்டிருக்கிறார்கள். என் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் 'கொசு பார்க்கிறான்' என்றாராம். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று.

ஒவ்வொரு வீட்டிலும் வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். தேதி, பார்த்த இடங்கள், புழு உண்டா இல்லையா, கடைசியில் என் கையெழுத்து. சூப்பர்வைசர் எப்போதாவது வந்தால் கதவை இழுத்து அந்த அட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போவார். தண்ணீரைப் பார்க்க நான், அட்டையைப் பார்க்க அவர். அதனால் எங்கள் வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு வித்தை உண்டு. மழை நாளில், முட்டி வலிக்கிற நாளில், வாசலிலேயே நின்று கதவை இழுத்து 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுவது. எங்களுக்குள் அதைக் 'கதவுப் பார்வை' என்போம். நானும் பார்த்திருக்கிறேன். இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

கடைசித் தெருவின் கடைசி வீடு அவர்களுடையது. அதன் பின்சுவருக்கு அப்பால் முன்பு ஒரு சதுப்பு இருந்தது. கோரையும் சேறும் அல்லியுமாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் கிடந்தது. அதை மூடிக் கிடங்கு கட்டுவதற்காக லாரி லாரியாக மண் வந்தது. மண்ணைத் தள்ளிச் சமன் செய்தவர்களில் ஒருவர் அந்த வீட்டுக்காரர்தான். பொக்லைன் ஆபரேட்டர். தன் வீட்டுக்குப் பின்னாலேயே வேலை கிடைத்ததால் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சுவரேறிக் குதித்து வந்துவிடுவார் என்று அவர் மனைவி கேலி செய்வாள். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் இருந்தாள். இருபது வருடமாகச் சோடாவிலும் பிளீச்சிங் தண்ணீரிலும் ஊறிய கை. விரல் நுனிகளில் ரேகையே தேய்ந்துபோயிருந்தது. அவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அந்த முறையில் அவர்களுடைய ஒரே மகளுக்கு நான் மாமா ஆனேன்.

மகளுக்குப் பத்தொன்பது வயது. ஜெராக்ஸ் கடையில் வேலை. தொண்டை கொஞ்சம் கரகரப்பு. பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அப்பா அவளைத் தவளை என்றுதான் கூப்பிடுவார். அந்தத் தெருவிலேயே என்னைப் பார்த்துச் சிரித்துக் கதவைத் திறந்த ஒரே ஆள் அவள்.

"மாமா, பின்னாடி வாங்க. எங்க வீட்ல குளம் வெட்டியிருக்கோம்" என்றாள் ஒரு வியாழக்கிழமை.

"குளத்துக்கெல்லாம் எனக்குச் சம்பளம் கிடையாதும்மா."

"சும்மா பாருங்க. பாக்கறதுக்குக் காசு கேக்கமாட்டேன்."

கொல்லையில், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே ஒரு நீளமான இரும்புத் தொட்டி கிடந்தது. ஆஸ்பத்திரியில் துணி ஊறவைத்துப் பழசாகிக் கழித்துக் கட்டியது. வெள்ளைப் பூச்சு அங்கங்கே பெயர்ந்திருந்தது. அம்மா அதைக் கேட்டு வாங்கிவந்து, ஓட்டையைச் சிமெண்டால் அடைத்துத் தந்திருந்தாள். அதற்குள் அரைத் தொட்டிக்குச் சேறு, மேலே தண்ணீர், தண்ணீரில் காசு அகலத்துக்கு மூன்று இலை.

"அல்லி மாமா. மூடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு வேணும்னு அப்பாகிட்ட கேட்டேன். ஒரு வாரம் 'பாக்கலாம் பாக்கலாம்'னாரு. கடைசி நாள் என்ன பண்ணாரு தெரியுமா? மெஷினையே சுவர் பக்கத்துல கொண்டாந்து நிறுத்தி, அந்தப் பெரிய கை இருக்கு பாருங்க, அதைச் சுவருக்கு மேல நீட்டி, அப்படியே கிழங்கோட சேத்தை அள்ளி, மெதுவா, குழந்தையைத் தொட்டில்ல போடற மாதிரி தொட்டிக்குள்ள இறக்கினாரு. அம்மா கொடில காயப்போட்ட துணியெல்லாம் சேறாயிடும்னு கத்தறாங்க. ஒரு சொட்டு சிந்தலையே!"

உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஒரு சொட்டா? என் வெள்ளைப் புடவையை எடுத்துக் காட்டட்டுமா?"

அல்லி அவள் நினைத்தது போல உடனே வந்துவிடவில்லை. முதலில் செடிக்குச் சத்து வேண்டும் என்று சமையலறைக் குப்பையை மக்கவைத்துச் சேற்றோடு கலந்துவிட்டாள். பத்து நாளில் தண்ணீர் கறுத்து, கொல்லைப் பக்கம் போக முடியாத நாற்றம். 'ஆஸ்பத்திரி நாத்தம் பத்தாதுன்னு வீட்லயும் ஒண்ணா?' என்று அம்மா சத்தம் போட்டாள். மகள் எல்லாவற்றையும் வாரிக்கொட்டி முதலிலிருந்து ஆரம்பித்தாள். சதுப்பின் களிமண் மட்டும், எரு கிடையாது. கிழங்கைச் சாய்த்து, முளை வெளியே தெரிய அழுத்தி, மேலே ஆற்று மணல் ஒரு படலம், மண் கலங்காமல் இருக்க. தண்ணீர் முதலில் நாலு விரல் உயரம். இலை நீள நீளத் தண்ணீரையும் ஏற்றவேண்டும். அது ஓடாத தண்ணீரில் இருக்கும் செடி. அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டாலே வரும். இதையெல்லாம் அவள் யாரிடமோ கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கடையில் தப்பாக அடித்து வீணான ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிவைப்பாள். 'இன்று இலை ஐந்து. ஒன்று மஞ்சள்' என்பது போல நாளுக்கு ஒரு வரி.

இலை சாசர் அளவுக்கு விரிந்தபோது நான்தான் சொன்னேன்.

"இலை படர்ந்தா தண்ணிக்கு நிழல். கொசுவுக்கு அதுக்கு மேல என்ன வேணும்? பத்து கப்பி மீன் விட்டுட்டா ஒரு புழு தங்காது. ஆபீஸ்ல தொட்டி நிறைய வளக்கறோம், சும்மாவே குடுக்கறதுதான். அடுத்த வாரம் நானே கொண்டாரேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அடுத்த வாரம் மறந்துவிட்டேன். 'அடுத்த வாரம்மா' என்றேன். அதற்கடுத்த வாரம் தொட்டியைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நழுவப் பார்த்தேன், விடவில்லை.

"மாமா கையை வீசிக்கிட்டு வந்திருக்காரு. மீன் பையில இருக்கா, சட்டைப் பாக்கெட்டுல இருக்கா?"

"ஆபீஸ்ல கவர் இல்லம்மா" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். கவர் கட்டுக் கட்டாக இருந்தது. எனக்கு ஞாபகம்தான் இல்லை.

மூன்றாவது வியாழக்கிழமை விடியலிலிருந்து மழை. குடை இருந்தும் முழங்காலுக்குக் கீழே நனைந்து, மத்தியானத்துக்கு முன்பே நாற்பத்தொன்பது வீடு முடித்து அந்த வாசலுக்கு வந்தபோதுதான் மீன் நினைவுக்கு வந்தது. மூன்றாவது தடவை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளறையில் அவள் போனில் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது. ஒரு பத்து மீனுக்காக வெட்கப்பட்டேன் என்றால் நம்புவீர்களா? ஆனால் அதுதான் நடந்தது. சத்தமில்லாமல் கதவை இழுத்தேன். தேதி எழுதினேன். கொல்லைத் தொட்டி என்று எழுதினேன். 'இல்லை' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

நான் படியிறங்கும்போது உள்ளிருந்து குரல் வந்தது. "மாமாவா? மீன் கொண்டாந்தீங்களா?"

மழைச் சத்தத்தில் கேட்காதவன் போல நடந்துவிட்டேன். அந்தக் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி.

அடுத்த இரண்டு வாரமும் என்னை வேறு பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். என் தெருக்களுக்கு மாற்றாள் போடவில்லை. மூன்றாவது வாரம் திரும்பி வந்தேன். அன்று மறக்கவில்லை. கவரில் பன்னிரண்டு மீன், இரண்டு கூடுதலாக, வட்டி மாதிரி. வீடு பூட்டியிருந்தது.

"பொண்ணுக்குக் காய்ச்சல். அஞ்சு நாளா அவங்கம்மா வேலை பாக்கற ஆஸ்பத்திரிலயே வெச்சிருக்காங்க" என்றார் எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற கிளார்க்.

கவரைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மீன் அதற்குள் எவ்வளவு நேரம் தாங்கும்? பக்கத்து வீட்டு டிரம்மில் கொட்டிவிட்டுப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் இறந்துபோனாள்.

அதைப் பற்றி அதிகம் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குள் போகத் தைரியம் இல்லாமல் தெருமுனையிலேயே நின்றேன். ஆபரேட்டர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். யாரோ கையில் டீயைக் கொடுத்திருந்தார்கள். அது ஆறி ஆடை கட்டும் வரைக்கும் பிடித்துக்கொண்டே இருந்தார். கீழே வைக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை அந்த மனிதருக்கு.

கொசுக் காய்ச்சலில் ஒருவர் இறந்தால் சுற்றி ஐம்பது வீட்டை மறுபடி பார்க்கவேண்டும் என்பது விதி. நாலாம் நாள் பெரிய அதிகாரி, சூப்பர்வைசர், நான், இன்னும் இரண்டு பேர் போனோம். தெருவே அந்தக் கொல்லையில் கூடிவிட்டது. மழையில் தொட்டி வழிந்து, அல்லியிலைகள் விளிம்பைத் தாண்டித் தொங்கின. நடுவில் ஒரு மொட்டு தண்ணீருக்கு மேல் தலையைத் தூக்கியிருந்தது.

"வீட்டுக்குள்ளயே குளத்தை வெச்சுக்கிட்டா கொசு வராம கொக்கா வரும்?" என்றார் கிளார்க். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

நான் கரண்டியை விட்டு மொண்டு தட்டில் ஊற்றினேன். நாலு இடத்தில் எடுத்தேன். ஒரு தலைப்பிரட்டை மட்டும் சுழன்றது, புழு இல்லை.

"இன்னிக்கு இல்லேன்னா என்ன?" என்றார் அதிகாரி. "புழு கொசுவாகி, அது யாரையோ கடிச்சு, அப்புறம் இந்தப் பொண்ணைக் கடிச்சு காய்ச்சல் வரணும்னா மூணு வாரம் ஆகும். மூணு வாரத்துக்கு முன்னாடி என்ன இருந்ததுன்னுதான் பாக்கணும்."

அக்கா அதுவரைக்கும் சுவரோரம் நின்றிருந்தாள். துணி அடித்துத் துவைக்கும் கட்டையை எடுத்துக்கொண்டு நேரே தொட்டிக்கு வந்தாள்.

"எனக்குப் பாக்க ஒண்ணும் இல்ல. உடைங்க. இன்னிக்கே உடைங்க" என்று கத்தினாள். புருஷன் பக்கம் திரும்பினாள். "நீதான்யா கொண்டாந்தே. ஊரெல்லாம் மூடிப் புதைச்சிட்டு, ஒரு கை சேத்தை மட்டும் வாரிக்கிட்டு வந்து எம்பொண்ணு தலைமாட்டுல வெச்சியே. அது கேட்டுச்சுன்னா? அது நிலாவைக் கேட்டா பிடிச்சுக் குடுப்பியா? தொட்டியைக் கொண்டாந்த என் கையை முதல்ல உடைக்கணும்."

ஆபரேட்டர் உள்ளே போனார். கதவிலிருந்து ஏதோ கிழிகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் அந்த அட்டை இருந்தது. பிய்த்த வேகத்தில் நாலு மூலையும் கதவிலேயே தங்கிவிட்டன. அட்டை அவர் கையில் படபடவென்று ஆடியது. விரலை வைத்துத் தேதிகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டு வந்தார்.

"மூணு வாரம்... இதோ. வியாழக்கிழமை. கொல்லைத் தொட்டி. இல்லைன்னு எழுதியிருக்கு. கையெழுத்து இருக்கு." என்னைப் பார்த்தார். "தம்பி, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாண்ணே."

"அன்னிக்கு நீங்க பாத்தீங்கதானே? தொட்டியைப் பாத்தீங்கதானே? ஒண்ணும் இல்லதானே?"

அதிகாரி பக்கத்தில் நிற்கிறார். சூப்பர்வைசர் நிற்கிறார். தெரு நிற்கிறது. அந்த மனிதரின் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்தேன்ணே. ஒண்ணும் இல்ல" என்றேன்.

"கேட்டுக்கோ" என்றார் மனைவியிடம். அப்படியே தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அழுதார்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, எனக்கு நீண்டது. பிறகு புருஷனைப் பார்த்தாள். கட்டையைச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

"சரி. அப்போ இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று புழு கிடைத்தது கிளார்க் வீட்டில். அவருடைய பிரிட்ஜின் பின்தட்டில் கொத்துக் கொத்தாக நெளிந்தது. அதைக் கண்டு மனிதர் வெளுத்துப்போனார். பிறகு பல மாதம் ஆபரேட்டர் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆனால் அதனாலும் என்ன தெரிந்துவிட்டது? எந்தத் தண்ணீரில் பிறந்த கொசு எவரைக் கடித்தது என்று சொல்ல எந்த அதிகாரியாலும் முடியாது. மூன்று வாரத்துக்கு முன்னால் அல்லித் தொட்டியில் என்ன இருந்தது என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் நான். நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் கதவுப் பார்வை பார்த்ததில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்த வாரமே மறுபடி பன்னிரண்டு மீன் கொண்டுபோனேன். ஆபரேட்டர் கவரை வாங்கி, தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமாகட்டும் என்று கால்மணி நேரம் காத்திருந்து மெல்லச் சாய்த்தார்.

"எழுதி வெச்சிருக்கா தம்பி. 'மீன் வந்தா உடனே கொட்டக்கூடாது. கவரோட ஊறவிடணும்'னு. எல்லாம் எழுதி வெச்சிருக்கா."

மகள் எழுதிய தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி, ஒரு கிளிப் போட்டு வைத்திருந்தார். படிப்பு அவருக்கு அவ்வளவாக வராது. எழுத்துக் கூட்டிப் படித்து அதன்படி செய்வார். பழுத்த இலையைக் காம்போடு கிள்ளுவார். வெயிலில் தண்ணீர் வற்றினால் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் பிடித்துவைத்து அடுத்த நாள்தான் ஊற்றுவார். மலையைப் பெயர்க்கும் மெஷினை ஓட்டுகிறவர், ஒரு குவளையால் சத்தம் வராமல் ஊற்றிக்கொண்டிருப்பார்.

அல்லி பூத்தது. வெள்ளைப் பூ. அந்தி மயங்கும்போது விரிந்து, மறுநாள் காலையில் வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். நான் பார்த்துவிட வேண்டும் என்பதற்காக என்னை முதல் வீடாகத் தங்கள் வீட்டுக்கு வரச்சொன்னார். போனால் டீயும் வாட்டிய ரொட்டியும் இருக்கும். ரொட்டி எப்போதும் ஒரு பக்கம் கருகியிருக்கும். முன்பெல்லாம் அதை மகள்தான் வாட்டுவாளாம்.

"சாப்பிடுங்க தம்பி. அன்னிக்கு மட்டும் நீங்க பாத்து எழுதலேன்னா நான் என்ன ஆயிருப்பேன்? நானே எம்பொண்ணைக் கொன்னுட்டேன்னுதானே நினைச்சிருப்பேன்? தூக்கு மாட்டியிருப்பேன் தம்பி. பொய் சொல்லல."

ரொட்டி உள்ளே இறங்காது. டீயை ஊற்றித் தள்ளுவேன்.

அந்த அட்டையை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். வேலை செய்கிற இடத்தில் லாரிக்காரர்களிடம் காட்டுவாராம். டீக்கடையில் காட்டுவாராம். வருடம் முடிந்து பழைய அட்டைகளை ஆபீஸில் ஒப்படைக்கச் சொன்னார்கள். நான் புது அட்டையை எடுத்துக்கொண்டு போனபோது பழையதைத் தரமுடியாது என்றுவிட்டார்.

"இதை மட்டும் விட்டுடுங்க தம்பி. தொலைஞ்சு போச்சுன்னு சொல்லுங்க. அபராதம் போட்டா நான் கட்டறேன்."

தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். பத்தோடு பதினொன்றாக இன்னொரு பொய்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பெல்லாம் இல்லை. கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போல் இருந்தது. வியாழக்கிழமை வருகிறது என்றாலே புதன்கிழமை சாப்பாடு பிடிக்காது. கடைசியில், சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வேலை போனால் போகட்டும். அவர் என்னை அடித்தால் அடிக்கட்டும்.

அந்த வியாழக்கிழமை ஆபரேட்டர் ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அக்காவுக்கு மதிய ஷிஃப்ட், கொல்லையில் துவைத்துக்கொண்டிருந்தாள். கனமான போர்வை ஒன்றைத் தண்ணீரிலிருந்து தூக்கினாள்.

"வா தம்பி. இந்த முனையைப் பிடி. தனியாப் பிழிய முடியல."

டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு முனையைப் பிடித்தேன். அவள் ஒரு பக்கம் முறுக்க, நான் எதிர்ப்பக்கம் முறுக்கினேன். தண்ணீர் எங்கள் இருவர் காலிலும் கொட்டியது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நல்லா முறுக்கு."

"அந்த அட்டை... அந்த வியாழக்கிழமை..."

"நீ வரல" என்றாள்.

என் கை நின்றுவிட்டது.

"முறுக்குப்பா, தண்ணி உள்ளயே நிக்குது. அன்னிக்கும் மதிய ஷிஃப்ட்தான் எனக்கு. மழைன்னு அதோ அந்தத் தகரத்துக்குக் கீழ கயிறு கட்டித் துணி போட்டுக்கிட்டு இருந்தேன். காலைல எந்திரிச்சதுல இருந்து சோறு உங்கற வரைக்கும் இங்கதான் நின்னேன். நீ இந்தப் பக்கம் எட்டியே பாக்கல."

"தெரியுமாக்கா உங்களுக்கு?"

"அன்னிக்கே தெரியும். நீ அத்தனை பேருக்கு நடுவுல 'பாத்தேன்'னு சொன்னப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?"

போர்வையை உதறி இரண்டாக மடித்தாள். என் முனை அவள் கைக்குப் போயிற்று.

"அந்த ஆளு கையைப் பாத்தியா அன்னிக்கு? எத்தனை வருஷமா மெஷின் ஓட்டற கை. ஒரு சொட்டு சிந்தாம சேத்தை இறக்குன கை. ஒரு அட்டையைப் பிடிக்க முடியாம ஆடிச்சே. நான் வேற தலைமாட்டுல வெச்சியேன்னு கத்திட்டேன். அது உள்ள இறங்கிடுச்சுன்னு அந்த மூஞ்சியைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. நீ பாக்கலேன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே எனக்கு ரெண்டு சாவு."

"அவர்கிட்ட சொல்லிடலாம்னுதான் இன்னிக்கு வந்தேன்."

"வந்திருப்பே. உன் மூஞ்சிதான் ரெண்டு மாசமா சொல்லுதே." போர்வையைக் கொடியில் எறிந்து இழுத்துவிட்டாள். "நீ சொல்லிட்டு லேசாயிட்டுப் போயிடுவே தம்பி. அப்புறம் அந்த ஆளை யாரு தூக்கறது? நானா? எனக்குத் தெம்பு இல்ல."

"என்னையாவது திட்டிடுங்கக்கா. ரெண்டு அறை விடுங்க."

"திட்டினா உனக்கு ஆறும். வேணாம். இருக்கட்டும்." பிறகு வேறு யாரையோ பற்றிப் பேசுவது போலச் சொன்னாள். "நீ வரலேன்னா என்ன? நான் இங்கதானே நின்னேன். தொட்டிக்கு நாலடி. குனிஞ்சு ஒரு தடவை பாத்திருக்கலாம் இல்ல? ஒரு நாளைக்கு நூறு பேரோட பெட்ஷீட்ல கறை தேடற கண்ணுதான் இது. அவ போன மறுநாள் அவ இருந்த வார்டோட துணி மூட்டை சலவைக்கு இறங்குச்சு. அவ படுத்திருந்த ஷீட்டும் அதுலதான் வந்திருக்கும். கூட வேலை பாக்கறவங்க, நீ வீட்டுக்குப் போ, நாங்க பாத்துக்கறோம்னாங்க. குடுக்கல. நாந்தான் துவைச்சேன். எது அவளோடதுன்னு தெரியல. எல்லாத்தையும் துவைச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், நாலாக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்தாள்.

"இதை மட்டும் அந்தக் கட்டுல இருந்து எடுத்து வெச்சுட்டேன். அவர் கண்ணுல படக்கூடாது. நீ படி."

ஒரு பக்கம் யாருடைய சான்றிதழோ கோணலாக அச்சாகியிருந்தது. மறுபக்கம் அந்த வியாழக்கிழமையின் தேதி. நீல மையில் அவள் எழுத்து.

'இலை பதினொன்று. மழை. மாமா வாசலோடு ஓடிவிட்டார். இன்றைக்கும் மீனை மறந்திருப்பார், பாவம். அடுத்த வாரம் வைத்து நன்றாக ஓட்ட வேண்டும்.'

மறுபடி மறுபடி அதையே படித்தேன். 'பாவம்' என்ற இடத்துக்கு வந்தால் அதற்கு மேல் கண் போகவில்லை. அடுத்த வாரம் என்று எழுதியிருக்கிறாளே. அடுத்த வாரம் நானும் வரவில்லையே.

அக்கா கையை நீட்டினாள். "குடு. என்கிட்டயே இருக்கட்டும். எம்பொண்ணு எழுத்து."

கொடுத்தேன். அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். முன்வாசலில் கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

"மூஞ்சியைக் கழுவு" என்றாள்.

துவைக்கிற வாளியிலேயே முகத்தைக் கழுவினேன். சோப்புத் தண்ணீர் கண்ணில் எரிந்தது. ஆபரேட்டர் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தார்.

"என்ன தம்பி, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?"

"சோப்பு பட்டுடுச்சுண்ணே."

"போர்வையைப் பிழியச் சொன்னேன். இந்த ஆம்பளைங்களுக்கு ஒரு துணி பிழியத் தெரியுதா?" என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். ரொட்டியைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டுத் தொட்டியைக் காட்டினார். "பூவைப் பாத்தீங்களா? இன்னிக்கு ரெண்டு. சீக்கிரம் பாருங்க, வெயில் வந்தா மூடிக்கும். தண்ணி பாத்தாச்சா?"

"இனிமேதான்ணே."

தொட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். இலைகளை ஒதுக்கி டார்ச் அடித்தேன். மீன்கள் வெளிச்சத்துக்கு விலகி ஓடின. அந்தப் பன்னிரண்டு இப்போது எத்தனையாகப் பெருகியிருந்தனவோ. விளிம்பை ஒட்டி ஒரு மொண்டு, இலைக்கு அடியில் ஒரு மொண்டு, மூலையில் ஒரு மொண்டு எடுத்து வெள்ளைத் தட்டில் ஊற்றினேன். அவரும் பக்கத்தில் குந்தி, தட்டுக்கு மேல் தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் அக்கா வந்து நின்றாள். தண்ணீர் அசைவு நின்று தெளிகிற வரைக்கும் மூன்று பேரும் பார்த்தோம்.

"இல்லதானே தம்பி?"

"இல்லண்ணே."

"அப்போ எழுதிடுங்க" என்று புது அட்டையைக் கதவிலிருந்து எடுத்துவந்து நீட்டினார். முட்டியின் மேல் வைத்துத் தேதியை எழுதினேன். கொல்லைத் தொட்டி என்று எழுதினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.